படப்போட்டிக்கு 312 படங்கள் வந்தன, எது எந்த ஊர் என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்

வாய்க்கால்மேடு (கோபி)

வணக்கமுங்க. எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் ஆடி மாதம் ஒரு படப்போட்டி அறிவித்தோம். கோபி, பவானி, பெருந்துறை, காங்கேயம் வட்டாரத்தில் பழைய கட்டடம் எதுவானாலும் எடுக்கலாம் என்றோம். கோயில், சாவடி, நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய தொட்டிக்கட்டு வீடு, நடுகல், வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கி எல்லாம் சேர்த்தி. முதல் பரிசு பவானி ஜமக்காளம். செப்டம்பரில் நடக்கும் விக்கி லவ்ஸ் மான்யுமெண்ட்ஸ் என்ற நினைவுச்சின்னப் படப்போட்டிக்காக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும் படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகம் என்ற இணையத்தளத்தில் அத்தனை படத்தையும் ஏற்றிவிடலாம் என்பது திட்டம்.

வாட்ஸ்அப் குழுவில் 312 படங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் கோபுரம்தான். மீதியில் எது எங்கே எடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. சில படங்களின் மூலையில் எடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. பொதுவகத்தில் என் கணக்கிலிருந்தே எல்லாவற்றையும் ஏற்றலாமா? எங்கள் விதிமுறைத் தாளில் 'படங்களின் முழு உரிமை வாசகர் வட்டத்துக்கே, வணிகப் பயன்பாடு கூடாது' என்று எழுதியிருந்தோம். அது போதுமா? கடைசித் தேதிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது.

நொய்யல்கரை

தம்பி, முதலில் அந்தத் தாளை மாற்றுங்கள். படத்தின் உரிமை எடுத்தவருக்குத்தான். வாசகர் வட்டம் அதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வணிகத்துக்குக் கூடாது என்ற நிபந்தனையோடு வரும் படத்தைப் பொதுவகம் ஏற்காது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றினால் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது ஒன்று உண்டு. ஏற்றும்போது எல்லாரும் அதைத் தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் கணக்கில் ஏற்றவே கூடாது. அடுத்தவர் எடுத்ததை 'என் சொந்தப் படம்' என்று ஏற்றினால் அழித்துவிடுவார்கள். ஒவ்வொருவரிடமும் மின்னஞ்சலில் அனுமதி வாங்கி அனுப்பும் முறை இருக்கிறது, ஆனால் மூன்று வாரத்தில் 312 படத்துக்கு அது நடக்காது. எடுத்தவரே கணக்குத் தொடங்கி ஏற்றுவதுதான் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் நூலகத்துக்கு வரச் சொல்லி, உட்காரவைத்துச் செய்துவிடுங்கள். என்றைக்கு எடுத்த படமானாலும் பரவாயில்லை, செப்டம்பர் மாதத்தில் ஏற்றினால் சரி.

இடம் தெரியாததற்குக் காரணம் வாட்ஸ்அப். படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த தேதியும் ஜிபிஎஸ் குறிப்பும் கழன்றுவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். ஆகவே பதற வேண்டாம், அசல் அவரவர் போனில் இன்னும் இருக்கும். கேமராவில் லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்தாலே இடம் காட்டும். மூலையில் பெயர் போட்டதையும் விட்டுவிட்டு அசலையே கேளுங்கள். எடுத்தவர் பெயர் பொதுவகத்தில் அந்தப் படத்துக்கான பக்கத்திலேயே நிற்கும், படத்தின்மேல் எழுதத் தேவையில்லை.

ஓலைச்சுவடி

கோயில் படங்கள் பற்றி ஒரு வார்த்தை. கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உள்ளே எடுக்க வேண்டுமானால் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டுப் போங்கள். பிள்ளைகளைச் சும்மா அனுப்பி, வாசலில் யாராவது சத்தம் போட்டால் அடுத்த ஆண்டு ஒருவரும் வரமாட்டார்கள். சர்க்கார் பெரியபாளையம் சுக்ரீஸ்வரர் கோயில், சங்ககிரிக் கோட்டை, நாமக்கல் குடைவரைகள் எல்லாம் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. முக்காலி வைக்க வேண்டுமானால் அங்கேயும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள்.

இப்படிப் பாதுகாப்பில் இருப்பவற்றுக்குப் போட்டியின் பட்டியலில் வரிசை எண் உண்டு. படத்தோடு அந்த எண்ணையும் போட வேண்டும். நடுகல்லும் சுமைதாங்கியும் பெரும்பாலும் பட்டியலில் இருக்காது, போட்டிக் கணக்கில் வராமலும் போகலாம். அதற்காக விட்டுவிடாதீர்கள். கோபுரத்துக்கு ஏற்கெனவே ஆயிரம் படம் இருக்கும். ஊர்ச் சாவடிக்கும் தொட்டிக்கட்டு வீட்டுக்கும் ஒன்றுகூட இருக்காது. பங்குபோட்டுக்கொள்ளும் அண்ணன் தம்பிகள் முதலில் இடிப்பது தொட்டிக்கட்டைத்தான். இடித்தபின் தூண் எப்படி இருந்தது என்று யாரிடம் போய்க் கேட்பீர்கள்? வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு முற்றம், தூண், கதவு நிலை என்று தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி)

நன்றிங்க அண்ணா, நன்றிங்க அக்கா. தாளை மாற்றிவிட்டோம். 41 பேரிடம் அசல் கேட்டிருக்கிறோம். இன்னொரு சந்தேகம். ஒரு பையன் கல்வெட்டில் மைதா மாவைத் தடவி எடுத்திருக்கிறான். எழுத்து அவ்வளவு தெளிவாக இருக்கிறது. நடுவர்கள் அதற்குத்தான் முதல் பரிசு என்கிறார்கள். கொடுக்கலாமா?

செம்மண்காடு

கொடுக்காதீர்கள். தயவுசெய்து. அந்தப் பையனைத் திட்டவும் வேண்டாம், பெரியவர்களைப் பார்த்துத்தான் செய்திருப்பான். மாவு எறும்பைக் கூட்டும், ஈரத்தைப் பிடித்துவைக்கும். சாக்பீஸ் கல்லின் துளைக்குள் இறங்கினால் திரும்ப வராது. அதைவிட மோசம், மாவு தடவுகிறவரின் விரல் எங்கே போகிறதோ அதுதான் எழுத்தாகிவிடும். தேய்ந்த 'ர' கால் முளைத்து வேறு எழுத்தாக நிற்கும், அடுத்து வாசிப்பவர் அதை நம்பிவிடுவார்.

வெளிச்சம்தான் மருந்து. காலை ஏழு மணி, அல்லது மாலை ஐந்துக்கு மேல், வெயில் கல்லின்மேல் சாய்ந்து விழும்போது எடுங்கள். உச்சி வெயிலில் வெறும் பாறையாகத் தெரிவது அப்போது வரிவரியாக எழும். நிழலில் இருக்கும் கல்லானால் ஒருவர் குடை பிடித்து மற்ற வெளிச்சத்தை மறைக்கட்டும். இன்னொருவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வைத்து அடிக்கட்டும். இடப்பக்கம் ஒரு படம், மேலிருந்து ஒரு படம். நேர்க்கோட்டு வெட்டுக்கு ஒரு பக்க வெளிச்சம் பிடிக்காது, மறுபக்கத்தில் பிடித்துவிடும். அறச்சலூர் நாகமலைக் குகைத்தளத்தில் இருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்க்கப் போனபோது நான் இப்படித்தான் பார்த்தேன். தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் தாளக்கட்டு அசைகளை அடுக்கிச் செதுக்கியது அது. டார்ச்சைச் சரித்தவுடன் த, தை என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிடைத்தது. அங்கே யாராவது மாவோடு வருவதை நினைக்கவே வயிறு கலங்குகிறது.

படத்தோடு ஓர் அளவுகோல் வையுங்கள். தையல் டேப் போதும், கல்லில் ஒட்டாமல் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி)

மூன்றாவது ஞாயிறு நூலகத்தில் உட்கார்ந்தோம். 27 பேர் வந்தார்கள். 188 படங்கள் அசலாகக் கிடைத்து, அவரவர் கணக்கில் ஏறிவிட்டன. மாவு தடவிய பையனும் வந்தான். சொன்னதைக் கேட்டு, மறுநாள் விடியற்காலையில் அப்பாவோடு போய், உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டுச் சாய்ந்த வெயிலில் மறுபடி எடுத்து அனுப்பினான். அது புலிகுத்திக்கல், புலியோடு போராடிய வீரனுக்கு வைத்த நடுகல். முதல் படத்தில் தெரியாத புலியின் வால் இரண்டாவதில் வளைந்து வீரனின் தோளுக்கு மேலே தெரிகிறது. நடுவர்கள் அந்த இரண்டாவது படத்துக்கே பரிசு கொடுத்துவிட்டார்கள்.

இடம் தெரியாதவை இன்னும் 9 இருக்கின்றன. ஒன்றை அனுப்பியவர் எண்ணை மாற்றிவிட்டார், தொடர்பே இல்லை. படத்தில் ஒரு சுமைதாங்கி. இரண்டு கல்தூண், மேலே ஒரு குறுக்குக்கல். பின்னால் தகர ஓடு போட்ட தறிக்கொட்டகை, பக்கத்தில் சாய்ந்த வேம்பு. குறுக்குக்கல்லில் மூன்று வரி எழுத்து, நடுவில் 'அம்மாள்' என்பது மட்டும் படிகிறது. யாருக்காவது தெரியுமா?

செம்மண்காடு

படத்தை மறுபடி பார்த்தேன். எனக்குத் தெரிந்த இடம். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஊருக்குப் போகும் மண்பாதையில், காங்கேயத்துக்கு மேற்கே. சின்ன வயதில் சந்தைக்கூடையை அதன்மேல் இறக்கிவைத்துவிட்டு அம்மாயி (அம்மாவின் அம்மா) மூச்சு வாங்குவார். பிள்ளை பெறாமல், சூலோடு இறந்துபோன பெண்ணுக்காக வைத்த கல் என்று அவர்தான் சொன்னார். அந்தப் பெண்ணின் பெயர்தான் அந்த மூன்று வரியில் இருக்க வேண்டும்.

வேம்பு இப்போது இல்லை. கல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் ஆறரைக்கெல்லாம் போய் நிற்கிறேன். டேப்பும் டார்ச்சும் எடுத்துக்கொள்கிறேன்.