கியூபிட் எஞ்சின் கார்னோவைத் தாண்டுகிறது: புரோகிராமில் எங்கே பிசகு?

இருநிலை:
எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக ஒற்றைக் கியூபிட்டில் (இரண்டே ஆற்றல் நிலைகள் கொண்ட குவாண்டம் அமைப்பு) ஓடும் குவாண்டம் ஆட்டோ (Otto) சுழற்சியை, அதாவது வெப்பத்தை வேலையாக மாற்றும் எஞ்சினை, பைத்தானில் எழுதியிருக்கிறேன். சூடான பக்க வெப்பநிலை 4, குளிர்ந்த பக்கம் 1 (பிளாங்க், போல்ட்ஸ்மன் மாறிலிகள் இரண்டும் 1). இந்த வெப்பநிலைகளுக்கு இடையே எந்த வெப்ப எஞ்சினும் தாண்ட முடியாத பயனுறுதிறன், அதாவது கார்னோ உச்சவரம்பு, 0.75. சூடான பக்க ஆற்றல் இடைவெளியை 10-இல் நிறுத்திவிட்டு, குளிர்ந்த பக்க இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 2-ஐத் தொட்டதும் பயனுறுதிறன் 0.8! இரண்டு பக்கமும் முழுச் சமநிலை வரும்வரை விடுகிறேன். இடைவெளியை மாற்றும்போது நிலைகளின் நிரப்பு (ஒவ்வொரு நிலையிலும் இருக்கும் நிகழ்தகவு) மாறுவதில்லை. இரண்டாம் விதி என் லேப்டாப்பில் உடைந்திருக்காது. எதைச் சோதிக்கலாம்?

வெப்பவாதி:
தம்பி, அந்த 0.8-ஐ விடுங்க. வேலை எவ்வளவு, சூடான பக்கம் கொடுத்த வெப்பம் எவ்வளவு? குறியோடு தனித்தனியாக பிரிண்ட் எடுத்துப் போடுங்க.

இருநிலை:
வேலை −0.347, வெப்பம் −0.433. இரண்டுமே மைனஸ் சார்.

வெப்பவாதி:
அதுதான் சங்கதி. வகுத்ததும் குறி காணாமல் போய்விடுகிறது. இந்தச் சுழற்சியில் அந்த விகிதம் எப்போதும் 1-இலிருந்து இடைவெளி விகிதத்தை (குளிர்ந்த பக்கம் / சூடான பக்கம்) கழித்ததுதான். வெப்பநிலைக்கு அதில் இடமே இல்லை. வெப்பநிலை வேலையில்தான் நுழைகிறது: இடைவெளிகளின் வித்தியாசம் பெருக்கல் மேல்நிலை நிரப்புகளின் வித்தியாசம். உங்கள் 2-இல் குளிர்ந்த பக்கம் மேல்நிலையில் 0.119, சூடான பக்கம் 0.076. சூட்டில் குறைவு! ஆக நீங்கள் வேலை கொடுத்து, குளிர்ந்த பக்கத்து வெப்பத்தைச் சூடான பக்கம் தள்ளுகிறீர்கள். ஓட்டியது பிரிட்ஜ். இடைவெளி விகிதம் வெப்பநிலை விகிதத்தை (இங்கே 0.25) விடப் பெரிதாக இருந்தால்தான் எஞ்சின். சரியாக 2.5-இல் கார்னோ 0.75 கிடைக்கும், வேலை பூஜ்யம்.

இருநிலை:
அப்போ எங்கே ஓட்டினால் அதிக வேலை? கர்சன்–ஆல்போர்ன் சூத்திரம் (அதிகபட்ச வெளியீட்டில் ஓடும் எஞ்சினின் பயனுறுதிறன்) சொல்லும் 0.5-இலா?

எண்முறை:
குறுக்கே வருகிறேன். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன்: குளிர்ந்த பக்க இடைவெளி 4.45-க்கு அருகில் உச்சம், சுழற்சிக்கு வேலை சுமார் 0.357, பயனுறுதிறன் 0.555. கியூபிட்டுக்கு பதில் சீரிசை அலையியற்றியை (ஸ்பிரிங்கில் ஆடும் எடை போன்ற அமைப்பு) உயர் வெப்பநிலையில் ஓட்டினால் கர்சன்–ஆல்போர்ன் (1975) மதிப்பு அப்படியே வரும். கியூபிட்டில் அதே எல்லையில், சூடான இடைவெளி நிலையாக இருந்தால், கார்னோவில் சரிபாதிதான். இது சுழற்சிக்கான வேலை. திறன் (நொடிக்கு எவ்வளவு வேலை) வேண்டுமென்றால் நேரத்தையும் கணக்கில் சேர்க்கணும். முழுச் சமநிலைக்குக் காத்திருந்தால் திறன் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

இருநிலை:
கார்னோவைத் தாண்டலாம் என்று வரும் கட்டுரைகள்?

வெப்பவாதி:
அவற்றில் பல, இறுக்கிய நிலையில் (squeezed: ஓர் அளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைத்து, இன்னொன்றினதைக் கூட்டிய நிலை) உள்ள தேக்கியை, அதாவது வெப்பம் தரும் பக்கத்தை, பற்றியவை. அது சாதாரண வெப்பத் தேக்கியே அல்ல, ஆகவே வெறும் வெப்பநிலைகளை வைத்துக் கார்னோ வரம்பை அங்கே பொருத்த முடியாது. நிஜ எஞ்சின் வேறு கதை: ஜெர்மனியின் மைன்ஸில் 2016-இல் ஒற்றைக் கால்சியம் அயனியில் ஓட்டியதன் பயனுறுதிறன் 0.28%. அதுவும் குவாண்டம் விளைவுகள் தெரியாத கிளாசிக்கல் எல்லையில். இப்போதைக்கு, வேலையும் உள்வரும் வெப்பமும் ப்ளஸ் ஆனால் மட்டும் பயனுறுதிறனைக் கணக்கிடு என்று ஒரு நிபந்தனை போட்டு வரைபடத்தை மறுபடி எடுங்க.