மார்ச்சில் எந்த ஏரிக்குப் போவது? சூரிச்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இந்தக் குளிர்காலத்தில் சூரிச் பக்கம் வந்து இறங்கியவர்கள் பலரும் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "வெயில் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை மலைப்பக்கம் ஏதாவது ஏரிக்கரையில் நடக்கலாம் என்றிருக்கிறோம், எங்கே போகலாம்?" கூடவே ஒரு படமும் வருகிறது. பெரும்பாலும் ஓஷினன்சே ஏரிதான். நீலப்பச்சைத் தண்ணீர், சுற்றிலும் பாறைச் சுவர்.

அது கோடையில் எடுத்த படம். இது தெரியாமல் வந்த முதல் வருடம் மார்ச் நடுவில் குடும்பத்தோடு கிளம்பிப் போனவன் நான். அந்த ஏரி 1,578 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்ச்சிலும் அங்கே மார்கழிதான். கேபிள் காரை விட்டு இறங்கி, வழுக்கி வழுக்கி அரைமணி நேரம் நடந்து போனால் எதிரே ஒரு வெள்ளை மைதானம். "ஏரி எங்கேங்க?" என்றாள் மனைவி. அதன் கரையில்தான் நின்றுகொண்டிருந்தோம். கான்வாஸ் ஷூவுக்குள் புகுந்த ஈரம் வீடு வந்து சேரும்வரை காயவில்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு அண்ணன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். "தம்பி, மார்ச்சில மேல ஏறாதேங்கோ. பதிவா இருக்கிற ஏரி, வெய்யில் விழுற கரை, அதைப் பாத்துப் போங்கோ" என்றார். பதிவு என்றால் அவர் பேச்சில் தாழ்வான இடம். இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல யோசனை எனக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன இடம் வாலன்சே.

கடல்மட்டத்திலிருந்து வெறும் 419 மீட்டர். கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஏரி. வடகரையில் சுர்ஃபிர்ஸ்டன் மலைவரிசை 2,300 மீட்டர் வரை செங்குத்தாக எழுந்து வடக்குக் காற்றைத் தடுக்கிறது. தெற்கு பார்த்த அந்தப் பாறை பகலெல்லாம் வெயில் வாங்குவதால் கரையில் பனி சீக்கிரம் போய்விடும். எதிர்க்கரை நிழலில் வெள்ளையாகக் கிடக்கும்போது இந்தப் பக்கம் நீங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

வழி இதுதான். சூரிச்சிலிருந்து சீகல்ப்ரூக்க வரை ரயில், அங்கிருந்து பக்கத்திலேயே வேசன். வேசனில் தொடங்கி பெட்லிஸ் வழியாக க்வின்டன் வரை நடை, பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்லிஸ் வரை பாறையைக் குடைந்த குறுகலான சாலை, ஒரு பக்கம் தண்ணீர். அதற்கப்புறம் காட்டுக்குள் ஏற்றம். ஏரிக்கரை என்றதும் சமதரை என்று நினைத்துவிடாதீர்கள், இருநூறு மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும்.

மஞ்சள் பலகைகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அதில் நீங்கள் உட்காரும் நேரம், படம் எடுக்கும் நேரம், குழந்தை கல் பொறுக்கும் நேரம் எதுவும் சேர்த்தி இல்லை. பலகை மூன்றேகால் மணி நேரம் என்றால் நான் ஐந்தரை என்று வைத்துக்கொள்வேன். மஞ்சள் குறி போட்டது சாதாரணப் பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் மலைப்பாதை, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளைப் பக்கம் இப்போதைக்குத் திரும்பியும் பார்க்க வேண்டாம்.

பெட்லிஸ் தாண்டியதும் ஸேரன்பாக் அருவி. மூன்று தாவலாக மொத்தம் 585 மீட்டர், நடுத் தாவல் மட்டும் 305. மேலே பனி உருகும் காலம் என்பதால் இப்போதுதான் நல்ல வேகத்தில் விழும். அருவிக்குப் பக்கத்தில் பாறையில் ஒரு பொந்திலிருந்து தனியாகத் தண்ணீர் கொட்டுவதைப் பாருங்கள். அது ரின்க்வெல என்ற ஊற்று. மேலே சுண்ணாம்புப் பாறை. உருகும் பனி ஓடையாக ஓடாமல் விரிசல்களில் இறங்கி, மலைக்குள்ளேயே பயணம் செய்து இங்கே வெளியே வருகிறது. நான் முதலில் அதை அருவியின் கிளை என்றே நினைத்திருந்தேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் பூண்டு ரசம் கொதிக்கும் வீட்டுக்குள் போன மாதிரி ஒரு வாசனை வரும். தரையெல்லாம் பச்சை இலை, பேர்லாவ் என்னும் காட்டுப்பூண்டு. இங்குள்ளவர்கள் பறித்துத் துவையல் மாதிரி அரைப்பார்கள். நீங்கள் பறிக்காதீர்கள். அதே காலத்தில், அதே மாதிரி இலையோடு நஞ்சுச் செடிகளும் முளைக்கின்றன. அதில் ஒன்றில் இருப்பது கொல்ச்சிசின், நம் ஊர்க் கண்வலிக்கிழங்கில் உள்ள அதே நஞ்சு. ஒரு இலையைத் தொட்ட விரலில் பூண்டு வாசனை ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்த இலையை முகர்ந்தாலும் பூண்டுதான். அதனால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். கடையிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

இன்னொன்று உண்ணி. குளிர் விட்டதும் புல்லிலும் புதரிலும் வந்துவிடும். முழுக்கால் பேன்ட் போடுங்கள், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளின் காதுக்குப் பின்புறம் எல்லாம் பாருங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கு இங்கே மூன்று தவணைத் தடுப்பூசி உண்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ஞாயிறு அன்று பெரிய ரயில் நிலையக் கடைகளை விட்டால் அநேகமாக எல்லாம் மூடியிருக்கும். எங்கள் வீட்டில் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், பிளாஸ்கில் டீ. எதிரே வருகிறவர்கள் "க்ரூயட்ஸி" என்பார்கள், பதிலுக்கு நீங்களும் சொல்லுங்கள். நகரத்து டிராமில் முகம் பார்க்காத அதே மனிதர்கள்தான், மலையேறினால் மாறிவிடுகிறார்கள். மலையில் அடிபட்டால் ஹெலிகாப்டர் மீட்புச் சேவையான ரேகாவின் எண் 1414, ஆம்புலன்ஸ் 144. இரண்டையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

க்வின்டனுக்குக் கார் பாதை கிடையாது. நடந்து வர வேண்டும், இல்லாவிட்டால் படகு. அந்த இளஞ்சூட்டில் திராட்சை, அத்தி எல்லாம் விளைகிறது. மார்ச்சில் கொடி வெறும் குச்சியாக நிற்கும், ஆனால் கல்சுவரில் பல்லிகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். அங்கிருந்து எதிர்க்கரை முர்க் ஊருக்குப் படகு, அங்கே ரயில் நிலையம். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கடைசிப் படகு நேரத்தைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் படகுகள் குறைவு. விட்டால் ஏரியின் கிழக்கு முனையில் இருக்கும் வாலன்ஸ்டாட் வரை இன்னும் சில மணி நேரம் நடைதான், அதுவும் இருட்டில்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், இவ்வளவு நடக்க முடியாது என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்களை நேரே முர்க்கிலிருந்து படகில் க்வின்டனுக்கு அழைத்துப் போங்கள். என் அம்மா வந்தபோது அப்படித்தான் செய்தோம். புடவை, மேலே என் ஜாக்கெட், காலில் மனைவியின் ஸ்போர்ட்ஸ் ஷூ. இலையே இல்லாத ஒரு மரத்தண்டைத் தடவிப் பார்த்து, "இது அத்தி மாதிரி இருக்கே" என்றார். அத்திதான். தள்ளுவண்டிக் குழந்தை இருந்தால் வேசனிலிருந்து பெட்லிஸ் வரை போய், வந்த வழியே திரும்பிவிடுங்கள், அதற்கப்புறம் வண்டி போகாது.