பாடம் முடிந்த பிறகு கோல்ஃப் ஆட்டம் எதனால் தேறியது? அனுபவங்களைப் பகிருங்கள்

பச்சைப்புல்:
பாடம் முடித்த கையோடு பயிற்சித் திடலுக்குப் போயிருந்தேன். எல்லோரும் ஏழாம் எண் அயர்னால் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை) பந்துக் கூடையை மடமடவென்று காலி செய்துகொண்டிருக்க, பக்கத்தில் நின்ற பெரியவர் பந்துக்குப் பந்து கிளப்பை மாற்றினார். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவர், குறுந்தூரத்துக்கான வெட்ஜ், மறுபடி அயர்ன். ஒவ்வொரு முறையும் பந்துக்குப் பின்னால் போய் நின்று, இலக்கைப் பார்த்துவிட்டுத்தான் அடித்தார். "ஆட்டத்தில் ஒரே அடியை அடுத்தடுத்து இருபது தடவை அடிக்க யார் விடுவார்கள்?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஒற்றை அயர்ன்:
கை படிந்தவருக்கு அது சரி. நேற்றுதான் கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் முறையை, மாற்றியவருக்கு ஒத்துவராது. என் பயிற்சியாளர் பந்தையே எடுத்து வைத்துவிட்டார். மெதுவாக வீசி, கிளப்பை இடுப்பு உயரத்தில் நிறுத்தச் சொல்லிக் கைப்பேசியில் படம் பிடித்தார். அடியோடு மாற்றிவிட்டதாகவே எனக்குப் பட்டது. படத்தில் பார்த்தால், கிளப் பழைய இடத்திலிருந்து விரல் அகலம்கூட நகரவில்லை! பந்து எதிரில் இருந்தால் உடம்பு பழைய வழிக்கே ஓடிவிடும். முதலில் பந்தில்லாமல் பழகட்டும், கலப்பதெல்லாம் பிறகு.

மாலைநேர ஆட்டக்காரர்:
நான் பெரியவர் பக்கம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் கையசைவுப் பயிற்சி ஒன்றைச் சோதித்தார்கள். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து செய்தவர்கள் பின்னால் வைத்த சோதனையில் முந்தினார்கள். திடலில் பிரமாதமாக அடித்துவிட்டு ஆட்டத்தில் திணறுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

என் அனுபவம் சிறியது. பாடம் முடிந்ததும் பயிற்சியாளர், "இன்று என்ன மாற்றினோம், நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டு, நான் சொன்னதை ஒரே வரியில் எழுத வைத்தார். அந்தத் தாள் இன்னும் என் பையில் இருக்கிறது.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். டிரைவர் கிளப்பின் முகத்தில், அதாவது பந்தைத் தொடும் பரப்பில், பவுடர் ஸ்ப்ரே அடித்துப் பந்து படும் இடத்தைப் பாருங்கள். வலக்கை ஆட்டக்காரருக்குக் கிளப்பின் தண்டை ஒட்டிய பக்கம் பட்டால், வீச்சு சரியாக இருந்தாலும் பந்து வலப்புறம் வளையும். அது தெரியாமல் பலர் புதிதாகக் கற்ற கிரிப்பைக் கைவிடுகிறார்கள். பந்து கிளம்பும் திசையையும் கவனியுங்கள். அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தைத் தொடும் நொடியில் கிளப் முகம் பார்க்கும் திசைதான். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் புட்டிங்கையும் விடாதீர்கள். குழியின் விட்டம் 4.25 அங்குலம்தான்.

ஒற்றை அயர்ன்:
அந்தச் சோதனையில் யாரும் பழைய பழக்கத்தை மறக்க வேண்டியிருக்கவில்லையே, நண்பரே. பாடம் எடுத்தவருக்கு அதுதானே முதல் வேலை?