ஜெர்மன்ல "ஸைடிக்"னு போட்டிருந்தா பட்டு இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம், நான் ஸ்டுட்கார்ட்ல இருக்கேன், ஜெர்மன் மொழி பி1 லெவல் படிச்சிட்டிருக்கேன். அம்மாவுக்கு அனுப்பலாம்னு ஆன்லைன்ல ஒரு ஷால் வாங்கினேன், தலைப்புல "ஸைடிகர் ஷால்"னு (ஸைடிக்ங்கற சொல்தான் இப்படி மாறி வருது) போட்டிருந்துச்சு. "ஸைடெ"ன்னா பட்டுன்னு தெரியும், அதனால பட்டு ஷால்னே நெனச்சு ஆர்டர் போட்டுட்டேன், வந்ததும் ஓரத்துல தச்சிருந்த லேபிளப் பார்த்தா 100% பாலியெஸ்டர். டிக்‌ஷனரில "ஸைடன்"னு இன்னொண்ணும் இருக்கு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? திருப்பி அனுப்ப முடியுமா?

பதில் 1:
சிஸ்டர், ஸைடன்னா பட்டால ஆனது. ஸைடிக்னா பட்டு மாதிரி வழுவழுன்னு மினுமினுன்னு இருக்கறது, அவ்வளவுதான், தலமுடியக்கூட ஸைடிக்னு சொல்வாங்க. கண்ணாடிக்கும் இதே கதைதான், க்ளேஸர்ன்னா கண்ணாடியால ஆனது, சமையல் குறிப்புல வெங்காயத்த "க்ளாஸிக்" ஆகற வரைக்கும் வதக்கச் சொல்வாங்க பாருங்க, பச்ச வாசன போயி, செவக்கறதுக்கு முன்னாடி வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆகுமே, அந்தப் பதம். முத்திப்போன நூல்கோல் நார்நாரா இருந்தா "ஹோல்ட்ஸிக்", ஹோல்ட்ஸ்னா மரம்.

பதில் 2:
மேல சொன்னது சரி, ஆனா ஸைடன்ங்கறதயும் கண்ண மூடிட்டு நம்பாதீங்க, எழுத்து நடையில அதையே "பட்டு போல"ங்கற அர்த்தத்துலயும் எழுதுவாங்க. பேச்சுல யாரும் அதிகமா ஸைடன் சொல்றதில்ல, "அவுஸ் ஸைடெ" (பட்டால ஆனது) இல்லன்னா "ஸைடன்ஷால்"னு சேர்த்தே சொல்லிடுவாங்க. "ஸைடனன் ஃபாடன்"னு பட்டு நூல்ல தொங்குதுன்னு ஒரு வழக்கு இருக்கு, நாம நூலிழையில தொங்குதுன்னு சொல்றோமே அதான். துணி வாங்கறப்ப தலைப்ப விட்டுட்டு மட்டேரியால்ங்கற, எதால ஆனதுன்னு சொல்ற வரியப் பாருங்க, ஐரோப்பிய யூனியன் விதி 1007/2011 படி பூச்சி நூத்த நாருக்கு மட்டும்தான் அங்க "ஸைடெ"ன்னு போடலாம்.

ஆன்லைன்ல வாங்கினதால கைக்கு வந்து 14 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதி அனுப்பிடுங்க, காரணம் கேக்க மாட்டாங்க. திருப்பி அனுப்பற தபால் செலவு உங்க தலையில விழலாம், அத மட்டும் பார்த்துக்கங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, வந்து 6 நாள்தான் ஆச்சு, டேக் கூட கிழிக்கல, இன்னைக்கே எழுதிடறேன். இன்னொரு சந்தேகம், பெயின்ட் டப்பாவுல "ஸைடன்மாட்"னு போட்டிருக்கே?

பதில் 1:
அதுல பட்டே கிடையாது. பளபளன்னும் இல்லாம மங்கலாவும் இல்லாம நடுவாந்தரமா மினுக்கற ஃபினிஷ்.