புழுதி உழவுக்கும் சேற்றுக்கும் உழவு இயந்திரத்தின் பின்சில்லில் எவ்வளவு காற்று, எவ்வளவு தண்ணீர்?

முரசுமோட்டை வயல்:
இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறேன். 45 குதிரைவலு உழவு இயந்திரம், பின்சில்லு மட்டும் இழுப்பது. பின் ரயர் 13.6-28, முன் ரயர் 6.00-16. காலபோகத்துக்கு, அதாவது மாரி நெல்லுக்கு, ஒன்பது கொழுக் கலப்பையோடு காய்ந்த நிலத்தில் புழுதி உழும்போது பின்சில்லு வழுக்கிக்கொண்டே இருக்கிறது. எடை கூட்ட ரயருக்குள் தண்ணீர் ஏற்றச் சொல்கிறார்கள். கோடைச் சிறுபோகத்தில் இதே இயந்திரத்தால்தான் சேறடிக்க வேண்டும், அப்போது புதையாதா? பின்னுக்கு இப்போது 20 பி.எஸ்.ஐ. காற்று இருக்கிறது.

கண்டாவளைச் சாரதி:
தம்பி, தண்ணீர் ஒருபக்கம் இருக்கட்டும், முதலில் காற்றைக் குறையுங்கள். 20 என்பது இழுவைப் பெட்டியில் நெல் ஏற்றி வீதியில் ஓடும் காற்று. வயலில் 12 முதல் 14 போதும். ரயர் சற்றுப் பரந்து, ஓரத்துப் பற்களும் மண்ணைப் பிடிக்கும். அதற்கும் கீழே போகாதீர்கள். ரயர் றிம்மில் நழுவி, ரியூப்பின் வால்வைப் பிய்த்துவிடும். முன்சில்லைக் குறைக்கவே வேண்டாம், 28 அளவில் நிற்கட்டும்.

பிறகு அளந்து பாருங்கள். பின் ரயரில் சோக்கால் ஒரு கோடு போட்டு, கலப்பையை இறக்கி உழுதபடி சில்லு பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்துக்குத் தடி நடுங்கள். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எட்டரை முதல் ஒன்பது சுற்று வந்தால் எடையே தேவையில்லை. எட்டுக்குக் குறைந்தால் மட்டும் தண்ணீர். வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்புங்கள், முக்கால் பங்கு. ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 180 லீட்டர் பிடிக்கும், அதாவது 180 கிலோ. மீதி இடம் காற்றுக்கு.

சேறடிக்க முன்னர் அவ்வளவையும் இறக்கிவிடுங்கள். சேற்றில் வேலை செய்வது பின்சில்லோடு பூட்டும் கூண்டு போன்ற இரும்புச் சில்லு, எடை அல்ல. சேற்றுக்கு அடியில் இறுகிய மண்தட்டு ஒன்று இருக்கிறதே, அதுதான் இயந்திரத்தையும் தாங்குகிறது, வயலில் தண்ணீரையும் நிறுத்துகிறது. பாரமான இயந்திரம் அதை உடைத்தால் அந்த இடம் ஆண்டுதோறும் புதையும்.

முருங்கன் களிமண்:
எனக்குத் தண்ணீர் பிடிக்காது. கட்டுக்கரைக் குளத்தின் கீழ் எங்கள் கரிய களி மாரியில் பசைபோல் ஒட்டும், கோடையில் வெடிக்கும். எடையை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. பின்சில்லில் பூட்டும் வார்ப்பிரும்புத் தட்டுகளே வசதி. கழற்றி வைத்துவிட்டுச் சேற்றுக்குள் இறங்கலாம்.

முரசுமோட்டை வயல்:
நன்றி அண்ணை. இன்னொன்று. பின்னால் பூட்டிய ரொட்டவேட்டரை (சுழல் கலப்பையை) தூக்கிக்கொண்டு வரம்பு ஏறும்போது முன்பக்கம் மிதக்கிறது. புதைந்தால் சில்லில் மரக்குற்றி கட்டி ஏறலாம் என்கிறார்கள், சரியா?

கண்டாவளைச் சாரதி:
குற்றி கட்டவே கட்டாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பின்சில்லு சுற்ற முடியாமல் இறுகி நின்றால் அச்சைச் சுற்றி இயந்திரத்தின் உடல்தான் எழும்பும். முன்பக்கம் தூக்கியதை நீங்கள் உணர்ந்து கிளச்சை மிதிப்பதற்குள் அது பின்னால் கவிழ்ந்துவிடும், சாரதி அடியில். முன்னுக்கு எடைத்தட்டுப் பூட்டுங்கள். மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு முன்சில்லில் நிற்க வேண்டும். உயர்ந்த வரம்பைப் பின்பக்கமாக ஏறுங்கள். புதைந்தால் சில்லுக்குப் பின்னால் மண்ணை வெட்டி, பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். வராவிட்டால் பக்கத்து வயல்காரரின் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். சங்கிலியை இரண்டிலும் அச்சுக்குக் கீழே, இழுவைச் சட்டத்தில் மட்டும் கொழுவுங்கள்.