ஒரு சண்டைகூட ஜெயிக்காமல் வந்த வெண்கலம்

நான் ஆடுவது கிக்பாக்ஸிங். அதில் எனக்கு ஃபுல் கான்டாக்ட் என்ற வகை, ஆண்கள் 63.5 கிலோ. உலகக் கிக்பாக்ஸிங் அமைப்பான வாக்கோவின் போட்டிகளில் அதற்கு அடுத்த எடைப் பிரிவு 67. என் சாதாரண எடை 66-ஐ ஒட்டி. 67-ல் நின்றிருந்தால் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் அங்கே வருகிறவர்கள் 70-லிருந்து இறங்கி வருகிறவர்கள். சரி, நானும் இறங்குவோம் என்று இறங்கினேன். எடை பார்த்த காலையில் 63.4. அன்று குடித்த முதல் மடக்குத் தண்ணீர் இன்னும் நாக்கில் இருக்கிறது.

டிராவில் மொத்தம் 7 பேர். ஒருத்தருக்கு பை, அதாவது முதல் சுற்றில் சண்டையே இல்லாமல் அடுத்த சுற்று, விழ வேண்டும், அது எனக்கு விழுந்தது. நேராக அரையிறுதி.

2 நிமிடம், 3 சுற்று. முதல் சுற்றில் என் கை நன்றாகப் பேசியது. அந்த மிதப்பில் காலை மறந்துவிட்டேன். ஃபுல் கான்டாக்டில் சுற்றுக்குக் குறைந்தது 6 உதை, அதுவும் இடுப்புக்கு மேலே. எண்ணுவதற்கென்றே ஆள் உட்கார்ந்திருப்பார். "காலு! காலு!" என்று கார்னரில் கோச் கத்தியபோது நான் 4-ல் நிற்கிறேன். கடைசி விநாடிகளில் அவசரமாக இரண்டு தூக்கினேன். இரண்டாவது கால் தரைக்கு வருவதற்குள் அவன் வலது கை தாடைக்கு வந்துவிட்டது. ரெஃப்ரி எட்டு எண்ணினார். அதன் பிறகு நான் ஆடியது ஆட்டமே இல்லை. மூன்று நடுவர்களும் அவனுக்கே கொடுத்தார்கள்.

அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் வெண்கலம். மூன்றாம் இடத்துக்கென்று தனிச் சண்டை கிடையாது. "எத்தனை பேரை அடிச்சே?" என்று யாராவது கேட்டால் இன்றுவரை பேச்சை மாற்றிவிடுவேன்.

*

தம்பி, பை விழுந்ததற்கா இவ்வளவு கூச்சம்? நான் கார்னரில் நிற்கிறவன். எங்கள் பையன் தொடையிலும் உதைக்கலாம் என்கிற லோ கிக் வகை, 71 கிலோ. மூன்று நாளில் மூன்று பேரை ஜெயித்தான். முதல் நாள் தொடையில் வாங்கிய உதை அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, மூன்றாம் நாள் ராத்திரி படி ஏற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறுதிச் சண்டையில் எதிராளி அந்த ஒரு தொடையைத்தான் பார்த்தான். வெள்ளியோடு வந்தோம். அவனுக்கு ஒரு பை விழாதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

*

உங்களை நினைத்தால் வயிறு எரிகிறது அண்ணே. எனக்கு முட்டியாலும் அடிக்கலாம் என்கிற கே-1 வகை, 75 கிலோ, டிராவில் 11 பேர். முதல் சண்டையில் முட்டியால் நன்றாகவே விளையாடி ஜெயித்தேன். காலிறுதியில் காலி. ஒரு சண்டை ஜெயித்த எனக்கு ஒன்றுமில்லை, ஜெயிக்காத உங்களுக்கு வெண்கலம்! "இது ஒலிம்பிக்கில் இருக்கா?" என்று கேட்ட மாமாவிடம், 2021-ல் ஒலிம்பிக் கமிட்டி வாக்கோவை முழுதாக அங்கீகரித்துவிட்டது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன் பதக்கம் எங்கே?" என்றார்.

*

அந்த மாமாவை என்னிடம் அனுப்பிவிடாதீர்கள். அடுத்த தடவை 67-தான். இதைச் சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன்.