நார்வேல ஆறு வயசுப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் எப்படி ஒட்டிக்குது?

ஸ்டவாங்கர் வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. பக்கத்து வீட்டு நார்வேப் பொண்ணு, இப்பதான் ஒண்ணாங்கிளாஸ், என்னைப் பார்த்தா "ஹலோ, மை டாக் இஸ் சிக்"னு சரளமா பேசுது. ஹோம்வொர்க்கே இல்லைங்குறாங்க, மார்க்கும் கிடையாதாம். அப்புறம் எப்படி?

பதில் 1:
1997 சீர்திருத்தத்துலேர்ந்து ஒண்ணாங்கிளாஸ்லயே இங்கிலீஷ் உண்டு. ஆனா முதல் நாலு வருஷத்துக்கும் சேர்த்தே 138 மணி நேரம்தான், பாட்டு விளையாட்டுன்னு போயிடும், மார்க் எல்லாம் எட்டாவதுலதான். நிஜ வாத்தியார் டிவி. ரொம்ப குட்டிப் பசங்க நிகழ்ச்சிக்குத்தான் டப்பிங், மத்ததெல்லாம் சப்டைட்டில், அதுக்கு மேல கேம்ஸ் வேற

பதில் 2:
நார்வீஜியனும் இங்கிலீஷும் சொந்தக்காரங்க மாதிரிதானே, அவங்க ஹூஸ்னா ஹவுஸ், ஃபிஸ்க்னா ஃபிஷ், பாதி வார்த்தை அங்கயே இருக்கு. நம்ம பசங்களுக்கு அந்த வசதி ஏது. ஆனா வம்பும் உண்டு, இங்கிலீஷ்ல "கிஃப்ட்"னு எழுதுற அதே எழுத்தை நார்வீஜியன்ல "யிஃப்ட்"னு படிப்பாங்க, அர்த்தம் விஷம், கல்யாணமானவர்னும் அர்த்தம் 😄

பதில் 3:
சரளம் சரி, தப்பும் வரும்ங்க. என் பொண்ணோட ஃப்ரெண்ட் "யெஸ்டர்டே வென்ட் ஐ டு த பீச்"ம்பான், அவங்க மொழியில நேத்துன்னு ஆரம்பிச்சா அடுத்து வினைச்சொல்தான் வரணும், அதை அப்படியே இழுத்துட்டு வர்றான். "திங்க்" அவனுக்கு "டிங்க்". யாரும் நிறுத்தித் திருத்துறதில்ல, அதனாலதான் கூச்சமில்லாம பேசுறான்

கேட்டவர்:
ஓ அந்த டாக் மேட்டர் கேட்டேன், அது நிஜ நாய் இல்லையாம், ஏதோ கேம்ல வர்ற நாயாம்!